கேளிர் இல்லாத ஊர்கள்

சென்ற இதழில் வந்த டிஜிட்டல் நாடோடி வாழ்க்கை பற்றிய கட்டுரையின் வாதம் எளிமையானது. ஒரு மடிக்கணினி, நல்ல இணையம், கொஞ்சம் துணிச்சல், இவை இருந்தால் உலகில் எந்த ஊரில் இருந்துகொண்டும் வேலை பார்க்கலாம். போகிற ஊருக்கெல்லாம் பணம் கொண்டுபோவதால் அந்த ஊரும் வாழும். எல்லைகளும் தேசங்களும் பழங்கதை. லிஸ்பனிலும் மெக்சிகோ சிட்டியிலும் இதை எதிர்த்துத் தெருவுக்கு வருகிறவர்கள் மாற்றத்தைக் கண்டு மிரண்டவர்கள், வெளியார்மீது வெறுப்புக் கொண்டவர்கள். ஆகவே தமிழ் இளைஞர்கள் தங்களைக் கட்டிப்போட்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. கடைசியாகச் சொன்னது ஆபத்தானதும்கூட.

அலுவலகத்துக்கு வெளியே இருந்து வேலை பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கும், சக்கர நாற்காலியில் நடமாடும் மனிதருக்கும், படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் அது வாழ்வாதாரம். அதைச் சட்டப்படியான உரிமையாக்க வேண்டும் என்பதே என் நிலை. பயணம் போவதிலும் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பணக்கார நாட்டுச் சம்பளமும் ஏழை நாட்டு வாடகையும் ஒரே ஆளுக்கு வாய்க்கிற ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு ‘உலகக் குடிமை’ என்று பெயர் சூட்டி, நம் பிள்ளைகளுக்கு லட்சியமாகக் காட்டுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

கட்டுரையாளர் தம் வாதத்துக்குத் துணையாகக் கணியன் பூங்குன்றனாரை அழைத்து வந்திருக்கிறார். புறநானூற்றின் 192ஆம் பாடலில் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் அடி மட்டும் அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. பாடல் அங்கே முடியவில்லை. நமக்கு வரும் நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதல்ல என்கிறது. மழை வெள்ளம் புரண்டு, கல்லில் மோதி இரைந்தோடும் ஆற்றில் தெப்பம் அடித்துச் செல்லப்படுவதுபோல உயிர் தன் முறைவழியே போகிறது என்கிறது. இதைத் தெளிந்துகொண்டதால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. தம் சொந்த ஊரில் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த மக்களை ‘மிரண்டவர்கள்’ என்று இகழும் கட்டுரைக்கு அந்தப் பாடல் எப்படித் துணை நிற்கும்? ஊரை எடுத்துக்கொண்டு உறவை விட்டுவிட்டார் கட்டுரையாளர்.

உறவுக்கு இடமில்லாத இந்த ஏற்பாடு அவர் கொண்டாடும் விசாக்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் தன் டிஜிட்டல் நாடோடி விசாவைத் தொடங்கியது. குரோஷியா 2021 தொடக்கத்திலும், போர்ச்சுகல் 2022 அக்டோபரிலும் தொடங்கின. எல்லாவற்றுக்கும் நடுநாயகமான நிபந்தனை ஒன்றுதான்: சம்பளம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். குரோஷியாவில் உள்ளூர் நிறுவனத்துக்கு வேலை செய்யவே கூடாது. காலம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும், ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். உள்ளூர் ஆட்களின் வேலையைக் காப்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். வந்தவர் அந்த ஊரில் ஒருவருக்கும் சக ஊழியர் ஆக மாட்டார். ஒரே சங்கத்தில் இருக்க மாட்டார், ஒரே முதலாளியிடம் கூலி உயர்வு கேட்டு ஒன்றாக நிற்க மாட்டார். அந்த ஊர்க்காரர்களை அவர் சந்திப்பதெல்லாம் வீட்டுக்காரராக, பரிமாறுபவராக, துணி வெளுப்பவராக, வண்டி ஓட்டுபவராக. காசு கொடுக்கும் பக்கத்தில் எப்போதும் அவர், வாங்கும் பக்கத்தில் எப்போதும் ஊர். இதற்கு உலகக் குடிமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லைகள் பழங்கதை என்கிறாரே, அதே 2020ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு எழுதும் ஒருவர் மறந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டு ஏப்ரலில் கொரோனா பரவியதால் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கும் மேல். வங்கதேசத்தவர்களோடு நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அந்த நகரத்தின் கட்டடங்களையும் சுரங்க ரயில் பாதைகளையும் கட்டிய கைகள் அவை. விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோனது என்று டிசம்பரில் சிங்கப்பூர் அரசே சொன்னது. நகரத்தின் மற்றவர்கள் உணவகங்களுக்கும் கடைத்தெருவுக்கும் திரும்பி நெடுங்காலம் ஆன பின்னும், இவர்கள் வேலைக்குப் போய்த் திரும்புவதைத் தாண்டி வெளியே கால் வைக்க அனுமதி வேண்டியிருந்தது. அந்த நாட்டில் ‘ஒர்க் பெர்மிட்’டில் இருக்கும் தொழிலாளி சிங்கப்பூர்க் குடிமகளை மணக்க வேண்டுமென்றால் மனிதவள அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும்.

விடுதிகள் அடைபட்டிருந்த அதே 2020 ஜூலையில்தான் பார்படோஸ் தன் ‘வெல்கம் ஸ்டாம்ப்’ திட்டத்தை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் சம்பாதிப்பவர்கள் 2,000 டாலர் கட்டணம் கட்டி ஓராண்டு கடற்கரையில் தங்கலாம். வருமான வரி இல்லை. குடும்பத்தையும் அழைத்து வரலாம். ஒரே ஆண்டு, ஒரே கொள்ளைநோய். கையால் உழைக்கப் போனவனுக்குப் பூட்டு, திரையைப் பார்த்து உழைப்பவனுக்கு வரவேற்பு. எல்லை அழிந்துவிட்டதாக எழுதுபவருக்கு இதில் முதலாமவன் கண்ணில் படவே இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வெளிநாடு போய் உழைக்கும் மக்களைப் பற்றி அவருடைய கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தமிழில் எழுதப்பட்ட ஒரு பயணக் கட்டுரையில் இந்த மௌனம் என்னை மிகவும் வருத்தியது.

துணிச்சல் பற்றிய அவருடைய பத்திகளுக்கு வருகிறேன். பயத்தை விட்டால் போதும், கதவு திறக்கும் என்கிறார். கதவைத் திறப்பது பாஸ்போர்ட்டும் சம்பளச் சீட்டும். 2024இல் மட்டும் இந்தியர்களின் ஷெங்கன் விசா விண்ணப்பங்களில் 1,65,000க்கு மேல் நிராகரிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூனில் 90 யூரோவாக உயர்ந்த கட்டணம் நிராகரித்தாலும் திரும்பி வராது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் துணிச்சல் போதவில்லையா? ஜப்பான் 2024இல் ஆறு மாத டிஜிட்டல் நாடோடி விசா கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. விசா இல்லாமலே நுழையும் சலுகை பெற்ற நாட்டவருக்குத்தான் அந்தக் கதவு. போர்ச்சுகல் கேட்பது நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு. 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ, நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல். சென்னையிலும் கோவையிலும் பெரிய ஐடி நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பலருக்கு ஓர் ஆண்டு முழுக்க உழைத்தால் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த நான்கு மடங்கு என்ற விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். போர்ச்சுகலின் கதை இந்த விவாதத்தின் நடுநரம்பு. கட்டுரையாளர் லிஸ்பனின் மஞ்சள் டிராம் வண்டிகளையும் டேகஸ் நதியின் மாலை வெளிச்சத்தையும் எழுதியிருக்கிறார். அந்த நகரத்தின் கடந்த பதினைந்து ஆண்டுகளை எழுதவில்லை.

2011இல் போர்ச்சுகல் கடனில் மூழ்கி, ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் 78 பில்லியன் யூரோ கடன் வாங்கியது. பதிலுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள், ஓய்வூதியத்தில் கை வைத்தார்கள், பள்ளிச் செலவைச் சுருக்கினார்கள். அந்த டிசம்பரில், வேலையில்லாத ஆசிரியர்கள் பிரேசில் போன்ற போர்ச்சுகீசிய மொழி பேசும் நாடுகளுக்குப் போகலாம் என்று பிரதமர் பெத்ரு பாசுஸ் கோயல்யுவே சொன்னார். போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கோடிச் சொச்சம் மக்கள்தொகை உள்ள நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். தன் ஆசிரியர்களை அனுப்பிவைத்த அரசு, யாரை உள்ளே அழைத்தது? 2009இலேயே வெளியிலிருந்து வந்து குடியேறுபவருக்கென்று ஒரு வரிச் சலுகை ஏற்படுத்தியிருந்தது. முந்தைய ஐந்தாண்டு அந்நாட்டில் வரி கட்டாதவர் வந்து குடியேறினால், அரசு பட்டியலிட்ட உயர்நிலைத் தொழில்களின் வருமானத்துக்குப் பத்தாண்டுகள் 20 சதவீத வரி மட்டுமே. உள்ளூர்க்காரருக்கோ வருமானம் கூடக் கூட 48 சதவீதம்வரை ஏறும் வரி. 2012இல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்தி, பழைய குடித்தனக்காரர்களை வெளியேற்றுவதை எளிதாக்கினார்கள். அதே ஆண்டு, ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்புரிமை தந்தார்கள். 2014இல் சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு வீடு விடுவதற்குத் தனிச் சட்டம் வந்தது. 2022இல் டிஜிட்டல் நாடோடி விசா.

இதை வரிசைப்படுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லிஸ்பனின் வாடகை உயர்வுக்கு மடிக்கணினிக்காரர்கள் மட்டும் காரணமில்லை, அரசும் வீட்டு முதலாளிகளும்தான் காரணம் என்று கட்டுரையாளர் ஓரிடத்தில் எழுதுகிறார். அவர்கள் மட்டும் காரணமில்லை என்பது சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு, ஆகவே போகிறவர்மேல் பழியே இல்லை என்பது. ஒரு நாட்டின் வறுமையைப் பயன்படுத்தி அதன் அரசு வெளியாருக்கு மலிவு விற்பனை நடத்துகிறது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குபவருக்கும் அதில் பங்கு உண்டு. தெரியாமல் போகிறவரை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டு, அந்த மலிவையே அந்த ஊரின் அழகுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டு மற்றவரை அழைப்பவரை எப்படி மன்னிப்பது?

இன்று லிஸ்பனில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டுக்குக் கேட்கும் வாடகை குறைந்தபட்ச ஊதியத்தைத் தாண்டிவிட்டது. வட போர்ச்சுகலிலிருந்து லிஸ்பனுக்குப் பணி நியமனம் பெறும் ஆசிரியர்கள் வாடகைக்கு அஞ்சி இடத்தை ஏற்க மறுக்கிறார்கள். வகுப்பறைகளில் ஆசிரியர் இல்லை. 2024இல் வீட்டைவிட்டுத் தொலைவில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கென்று அரசு தனி உதவித்தொகை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2011இல் வேறு நாட்டுக்குப் போகச் சொல்லப்பட்டார்கள், 2024இல் தங்கள் தலைநகரத்திலேயே தங்க இடமில்லை. 2023 ஏப்ரல் 1ஆம் தேதியும் அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதியும் ‘வாழ்வதற்கு ஒரு வீடு’ என்ற முழக்கத்தோடு லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் இன்னும் பல நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். கட்டுரையாளர் ‘மிரண்டவர்கள்’ என்றது இவர்களைத்தான். அந்த அக்டோபரில் பிரதமர் அந்தோனியு கோஸ்தா அந்த வரிச் சலுகையைப் புதியவர்களுக்கு நிறுத்தப்போவதாக அறிவித்தார். அதைத் தொடர்வது வரி அநீதியை நீட்டிப்பது, வீட்டுச் சந்தையை ஊதிப் பெருக்குவது என்ற பொருளில் பேசினார். சலுகையைப் பல ஆண்டுகள் நடத்திய அரசின் தலைவரே அநீதி என்று ஒப்புக்கொண்டதைத்தான் நம் கட்டுரையாளர் சுதந்திரம் என்று எழுதுகிறார்.

மெக்சிகோ சிட்டி பற்றிய அவருடைய குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது: வெளியார் வெறுப்பு. 2022 அக்டோபரில் அந்த நகரத்தின் ஆட்சித் தலைவராக இருந்த கிளாடியா ஷெயின்பாம், ஏர்பிஎன்பி நிறுவனத்தோடும் யுனெஸ்கோவோடும் சேர்ந்து, நகரத்தை டிஜிட்டல் நாடோடிகளின் தலைநகராக்கப் போவதாக அறிவித்தார். அமெரிக்கர் ஒருவர் விசா இல்லாமல் 180 நாள்வரை சுற்றுலாப் பயணியாக அங்கே இருக்கலாம். டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ரோமா, கொந்தேசா பகுதிகளில் மாதக்கணக்கில் தங்கினார்கள். அல்போன்சோ குவாரோனின் ‘ரோமா’ படத்தைப் பார்த்த தமிழ் ரசிகர்களுக்கு அந்தத் தெருக்கள் தெரியும். அங்கே பல ஆண்டுகளாகக் குடியிருந்தவர்களை, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டு, வீட்டை ஏர்பிஎன்பிக்கு மாற்றினார்கள்.

2025 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தைத் தேர்ந்தெடுத்து, மக்கள் அங்கே ஊர்வலம் போனார்கள். சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், வெளிநாட்டவரைப் பார்த்துக் கத்தினார்கள். அது தவறு, அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் கட்டுரையாளர் உடைந்த கண்ணாடியை மட்டும் பார்த்தார். அந்த நகரத்தின் வரலாற்றைப் பார்த்திருந்தால் ‘வெறுப்பு’ என்று எழுதியிருக்க மாட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிவந்த குடியரசு ஆதரவாளர்கள் ஏறத்தாழ 20,000 பேரை லாசரோ கார்தெனாஸ் அரசு ஏற்றுக்கொண்டது. அவர்களில் அறிஞர்களுக்காக 1938இல் தொடங்கிய ஸ்பெயின் இல்லம்தான் பின்னர் எல் கொலேஹியோ தெ மெஹிகோ என்ற பெரும் கல்வி நிறுவனமாயிற்று. எந்த நாடும் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய ட்ராட்ஸ்கிக்கு 1937இல் இடம் கொடுத்ததும் அந்த நகரம்தான். 1973இல் சீலேயின் ராணுவப் புரட்சிக்குத் தப்பி வந்தவர்களும் அங்கேயே தஞ்சமடைந்தார்கள். அப்படி வந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் பாடம் சொன்னார்கள், பதிப்பகங்கள் தொடங்கினார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். வெளியாரை வெறுக்கும் ஊரின் வரலாறு இப்படி இருக்காது. 2025இல் அந்த மக்கள் எதிர்த்தது பக்கத்து வீட்டில் யார் வந்தார் என்பதையல்ல. பக்கத்து வீடே இல்லாமல் போவதை. 2024 அக்டோபரில் ஏர்பிஎன்பி வகை வீடுகளை ஆண்டின் பாதி இரவுகளுக்கு மேல் விடக்கூடாது என்று அந்த நகரச் சட்டமன்றம் விதித்தது. ஊர்வலத்துக்குப் பிறகு வாடகைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நகர அரசு அறிவித்தது. மிரட்சி என்று ஒதுக்கக்கூடிய புகாருக்கு அரசு சட்டம் கொண்டுவருமா?

பணம் ஊருக்குள் பாய்கிறது என்ற வாதத்துக்கு அவர் பாலியைக் காட்டுகிறார். காட்டட்டும். இந்தோனேசியாவின் தொலைவேலை விசாவுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் வேண்டும், அதாவது மாதம் 5,000 டாலர். பாலி மாகாணத்தின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 30 லட்சம் ரூபியாவுக்குச் சற்றுக் குறைவு. 200 டாலருக்கும் கீழே. இடைவெளி 25 மடங்குக்கும் மேல். இப்படி இரண்டு வருமானங்கள் ஒரே தெருவில் ஒரே நிலத்துக்குப் போட்டியிட்டால் நிலம் யார் பக்கம் போகும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. சங்கூ பகுதியில் நெல் வயல்கள் வில்லாக்களாகிவிட்டன. நூற்றாண்டுகளாக வாய்க்கால் நீரைக் கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொள்ளும் பாலியின் சுபக் முறையை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. நம் ஏரிப் பாசனத்தையும் குடிமராமத்தையும் அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நடுவே நான்கு வயல் கட்டடமானால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. காபிக் கடையில் வேலை கிடைத்தது என்கிறார் கட்டுரையாளர். கிடைத்தது, உண்மை. ஆனால் காபி ஆற்றிக் கொடுக்கும் பையன் தன் சொந்த ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கும் வழி அடைபட்டுவிட்டது. வரியும் அப்படித்தான். பார்படோஸும் குரோஷியாவும் இந்த விருந்தாளிகளின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வருமான வரி விதிப்பதில்லை. சாலை, மருத்துவமனை, குப்பை வண்டி எல்லாவற்றையும் பயன்படுத்துவார்கள். அவற்றுக்கான செலவைச் சுமப்பது உள்ளூர்ச் சம்பளக்காரர்.

இந்த வாழ்க்கையை அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அன்றே கனவு கண்டார் என்றும் எழுதியிருக்கிறார். 1964இல் பிபிசி நிகழ்ச்சியில் கிளார்க் பேசியது உண்மை. இன்னும் ஐம்பது ஆண்டில் ஒருவர் பாலியிலோ தாஹித்தியிலோ இருந்துகொண்டு லண்டனில் இருப்பதுபோலவே தொழில் நடத்தலாம் என்ற கருத்தை அவர் சொன்னார். ஆனால் கிளார்க் எப்படி வாழ்ந்தார்? 1956இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேஸ்வரக் கோவிலின் சிதைவுகளைக் கண்டெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1979 முதல் 2002வரை மொரட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்தார். போர்க்காலத்திலும் கொழும்பை விட்டுப் போகவில்லை. 2008இல் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். மூன்று மாதத்துக்கு ஒரு நகரம் மாறச் சொல்லும் கட்டுரைக்கு அவர் எப்படிச் சாட்சி?

இந்த வாழ்முறைக்கு உண்மையான மூலநூல் டிமத்தி ஃபெரிஸ் 2007இல் எழுதிய ‘தி 4-ஹவர் ஒர்க்வீக்’. டாலரில் சம்பாதி, மலிவான நாட்டில் செலவழி, உன் சில்லறை வேலைகளை இந்தியாவில் இருக்கும் உதவியாளர்களிடம் தள்ளிவிடு என்பதே அதன் சாரம். அந்த உதவியாளர் யார் என்று கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களில் இரவெல்லாம் விளக்கு எரிவது அதனால்தான். அந்தத் திட்டத்தில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடம் பயணியின் இடமல்ல, அவருக்காகக் கண் விழிப்பவரின் இடம்.

நாடோடிக்கு மட்டும் கடிகாரம் இல்லையா என்ன? மெக்சிகோ சிட்டிக்கு ஏன் இத்தனை பேர் போனார்கள்? சிகாகோவின் நேரத்தை ஒட்டி இயங்கும் ஊர் அது. லிஸ்பன் ஏன்? லண்டனோடு ஒரே நேரம். நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும்போது அங்கே பிற்பகல் இரண்டு மணி. பாலியில் இருந்துகொண்டு நியூயார்க்குக்கு வேலை செய்பவருக்கு இரவு ஒன்பது, பத்து மணிக்குக் காலைக் கூட்டம் தொடங்கும். எங்கே வாழ்வது என்பதை அவருடைய தலைமை அலுவலகத்தின் நேரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இனி அந்த அறிவுரை. வேலையை விட்டுவிட்டுக் கிளம்பு. இதைப் படிக்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளையை நினைத்துத்தான் இந்த எதிர்வினையை எழுத உட்கார்ந்தேன். நிறுவனங்கள் எல்லாம் இந்தத் திசையில் போகின்றன என்று கட்டுரையாளர் உறுதி சொல்கிறார். டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து அப்படியே செய்தது. ஊழியர் வேறு நாட்டில் நெடுநாள் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த நாட்டில் நிறுவனமே வரி கட்ட வேண்டிவருமோ என்ற சிக்கல் இருப்பதால், அனுமதிக்கும் நிறுவனங்களும் நாள் கணக்கு வைத்தே அனுமதிக்கின்றன. வேலையை விட்டவுடன் வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கு நிற்கும். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நிற்கும். அதில் அம்மா அப்பாவின் பெயரும் இருந்திருந்தால் அவர்களுக்கும் நிற்கும். அறுபது வயதைத் தாண்டிய பெற்றோருக்குப் புதிதாகத் தனிக் காப்பீடு எடுக்கப் போனால் எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துப் பார்த்துவிட்டு அந்த அறிவுரையை எழுதியிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான ஒன்றை அவர் பார்க்கவே இல்லை. அவர் போற்றும் விசாக்கள் கேட்கும் முதல் ஆவணம் வருமானச் சான்று. போர்ச்சுகல் கடந்த மூன்று மாதத்தின் சராசரி வருமானத்தைக் கேட்கிறது. எஸ்தோனியா ஆறு மாதக் கணக்கைக் கேட்கிறது. இன்னும் நடப்பில் இருக்கும் வேலை ஒப்பந்தமோ, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தமோ, சொந்த நிறுவனத்தின் கணக்கோ கையில் இருந்தால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிய பிள்ளை அந்தத் தூதரகச் சன்னலில் எதைக் காட்டுவான்? சுற்றுலா விசாவில் போய் ரகசியமாக வேலை பார்க்கச் சொல்கிறாரா? அப்படியானால் பிடிபட்டால் நாடு கடத்தலும், மறுபடி நுழையத் தடையும், பின்னால் எந்த நாட்டு விசாப் படிவத்திலும் அதை எழுத வேண்டிய நிலையும் வரும் என்று சொல்லியாக வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அந்தக் கறை ஓர் அமெரிக்கருக்கு ஆவதைவிடப் பல மடங்கு கனமானது. கட்டுரையாளர் அடுத்த இதழில் வேறெதையும் எழுத வேண்டாம். எந்த நாட்டுக்கு, எந்த விசாவில், எந்தச் சம்பளச் சீட்டோடு, யாருடைய செலவில் போகச் சொல்கிறார் என்பதை மட்டும் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் வேலையை விடச் சொன்ன அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுவதாக இதே பத்திரிகையில் அச்சிட வேண்டும்.